சுவரில் உள்ளதும் இல்லாததும்: புராண ஓவியங்களின் உட்பொருள் வாசிப்புக்கு ஒரு மறுப்பு

தமிழகக் கோயில்களின் சுவர்களிலும் விதானங்களிலும் எஞ்சியிருக்கும் பழைய புராண ஓவியங்களைப் பற்றி இன்று எழுதப்படுபவற்றில் பெரும்பகுதி ஒரே நம்பிக்கையின் மேல் நிற்கிறது. கண்ணுக்குத் தெரியும் கதை மேற்பூச்சு என்றும், அதனடியில் யோகநெறியோ தத்துவமோ வானியலோ மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றும், அந்த மறைபொருளைத் திறக்கத் தெரிந்தவரே ஓவியத்தை உண்மையில் கண்டவர் என்றும் அந்த நம்பிக்கை சொல்கிறது. பாம்பு என்றால் குண்டலினி, குரங்கு என்றால் அலைபாயும் மனம், நீலம் என்றால் எல்லையின்மை, அசுரர் என்றால் தீக்குணங்கள் என்று ஒரு பொருள்விளக்கப் பட்டியலே புழக்கத்தில் இருக்கிறது. தலவரலாற்று நூல்களிலும் வழிகாட்டிகளின் பேச்சிலும் ஆன்மிக இதழ்களிலும், சில வேளைகளில் நல்ல கலை நூல்களிலும்கூட, அந்தப் பட்டியல் கேள்வியின்றி எடுத்தாளப்படுகிறது. கதை உமி, தத்துவமே அரிசி என்பதுதான் இதன் சாரம். ஓவியத்துக்கு மதிப்புச் சேர்ப்பதாகத் தோன்றும் இந்தப் பார்வை, உண்மையில் ஓவியத்தைப் பார்க்காமல் இருப்பதற்கான வழியாகவே பயன்பட்டு வருகிறது. ஓவியன் வரைந்ததை ஒதுக்கிவிட்டு அவன் வரையாததை அவன் பெயரில் ஏற்றுகிறது.

மறுப்பைத் தொடங்குமுன் மூன்று வகைகளைப் பிரித்துக்கொள்வது தேவை. ஓர் உருவம் யாருடையது என்று அறியத் தரும் பொருள் அடையாளம் எனப்படும். வேலும் மயிலும் இருந்தால் அது முருகன் என்று பார்வையாளர் அறிகிறார். நிகழ்ச்சியில் பங்கெடுக்கும் பொருள் கதைக்கூறு எனப்படும். தாருகாவனத்து முனிவர்கள் வேள்வித் தீயிலிருந்து சிவன்மேல் ஏவிய புலியும் மானும் பாம்பும் இவ்வகையைச் சேர்ந்தவை. தன்னைக் கடந்த ஒரு கருத்தைச் சுட்டும்படி வைக்கப்பட்ட பொருள் மட்டுமே சரியான பொருளில் குறியீடு. பழைய ஓவியங்களில் முதல் இரண்டு வகைகள் எங்கும் நிறைந்திருக்கின்றன. மூன்றாவதும் உண்டு, ஆனால் அது இருக்கும் இடங்களில் அதற்கான சான்றும் இருக்கிறது. நடைமுறையில் உள்ள வாசிப்பின் அடிப்படைப் பிழை, மூன்றையும் ஒன்றாக்கி, சுவரில் காணப்படும் ஒவ்வொரு பொருளையும் குறியீடு என்று கொள்வதாகும்.

இந்தப் பிழையின் விளைவை அறியத் தஞ்சைப் பெரிய கோயிலைவிடச் சிறந்த இடம் இல்லை. முதலாம் இராஜராஜன் எடுப்பித்து 1010-ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற அக்கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட குறுகிய பாதையில், நாயக்கர் காலத்து ஓவியப் படலத்துக்குக் கீழே மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவற்றுள் மிகப் பெரிய அளவில் தீட்டப்பட்டவற்றில் ஒன்று திரிபுராந்தகர், அதாவது அசுரரின் மூன்று பறக்கும் கோட்டைகளை அழித்த சிவன். பிரமன் செலுத்தும் தேரின்மேல் எட்டுக் கைகளோடு வில்லேந்திக் காலூன்றி நிற்கும் சிவனைச் சுற்றி, மூஞ்சுறு மேல் கணபதியும் மயில்மேல் முருகனும் சிங்கத்தின் மேல் தேவியும் போருக்கு எழுந்திருக்கின்றனர். எதிரே அசுரர் கூட்டம் பின்வாங்காமல் திரண்டு நிற்க, அவர்களின் பெண்கள் அச்சத்தோடும் துயரத்தோடும் தத்தம் ஆண்களைப் பற்றிக்கொண்டிருக்கின்றனர். ஒரே சுவரில் வீரமும் அவலமும் நேருக்கு நேராக நிறுத்தப்பட்டுள்ளன. வெல்பவரின் பேராற்றலைத் தீட்டிய அதே கை, தோற்பவரின் வீட்டுத் துயரத்துக்கும் அதே அளவு கவனம் தந்திருக்கிறது.

மூன்று கோட்டைகள் என்பவை ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களே, அதாவது உயிரைக் கட்டும் மூன்று அழுக்குகளே என்பது இந்த ஓவியத்துக்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம். சைவ சித்தாந்தத்துக்குள் இது மதிப்புமிக்க கருத்து, ஐயமில்லை. ஆனால் இந்த ஓவியத்தின்மேல் அதை வைத்துப் பார்க்கும்போது, சுவரின் பாதி விளக்கமின்றி நின்றுவிடுகிறது. அசுரர்கள் மலங்கள் என்றால், அவர்களைக் கட்டிக்கொண்டு கலங்கும் பெண்கள் யார்? ஆணவமலத்துக்கு ஒரு மனைவி இருப்பதாகவும், மலம் அழியும்போது அவள் துயருற வேண்டும் என்றும், அந்தத் துயரைக் கண்டு பார்வையாளர் இரங்க வேண்டும் என்றும் எந்தச் சித்தாந்த நூலும் சொல்லவில்லை. மலம் நீங்குவது மகிழ்ச்சிக்குரியது. இந்தச் சுவரிலோ ஓவியன் அதற்கு எதிரான உணர்வை வேண்டுமென்றே எழுப்புகிறான். ஒரு விளக்கம் ஓவியத்தின் நடுவில் உள்ள முகங்களை விட்டுவிட்டுத்தான் பொருந்தும் என்றால், அது அந்த ஓவியத்தின் விளக்கம் ஆகாது.

இதற்கு விடையாகத் திருமூலர் எடுத்துக்காட்டப்படுவதுண்டு. முப்புரத்தை மும்மலம் என்று அவருடைய திருமந்திரம் வெளிப்படையாகவே விளக்குகிறது என்பதும், அது தமிழ்ச் சைவத்தின் உள்ளிருந்தே எழுந்த விளக்கம் என்பதும் உண்மை. ஆயினும் அந்தப் பாடலின் வாதமுறையைக் கவனிக்க வேண்டும். சிவன் மூன்று ஊர்களை எரித்தார் என்று நேர்ப்பொருளில் சொல்வோரை அறியாதார் என்று கடிந்து, அவர்களுக்கு எதிராகவே தம் விளக்கத்தை அவர் நிறுத்துகிறார். அப்படிக் கடிய வேண்டியிருந்தது என்றால், அவர் காலத்தில் பெரும்பாலோர் அதைக் கதையாகவே கொண்டிருந்தனர் என்பதற்குப் பாடலே சான்றாகிறது. சித்தர் ஒருவரின் மாற்றுக் கருத்தை எல்லா ஓவியரின் உள்நோக்கமாகவும் கொள்வது, திருமூலர் யாரோடு வழக்காடினாரோ அவர்களை வரலாற்றிலிருந்தே நீக்குவதாகும்.

கதையாகக் கொண்டோர் எளியவர்களும் அல்லர். புறநானூற்றின் 55-ஆம் பாட்டில் மருதன் இளநாகனார், மலையை வில்லாகவும் பாம்பை நாணாகவும் கொண்டு ஒரே கணையால் மூன்று எயில்களை அழித்த இறைவனின் நெற்றிக்கண்ணைப் பாண்டியன் நன்மாறனுக்கு உவமை ஆக்குகிறார். மூவேந்தருள் அவன் தனித்து உயர்ந்து நிற்கிறான் என்பது கருத்து. ஆகவே சங்கப் பாட்டிலேயே இக்கதை அரசின் ஆற்றலைப் பேசும் மொழியாக வந்துவிட்டது. சிலப்பதிகாரத்தில் அதே கதை கொடுகொட்டி, பாண்டரங்கம் என்னும் ஆடல்களுக்குக் காரணமாக வருகிறது. சுந்தரர் திருப்புன்கூர்ப் பதிகத்தில் வேறொரு நிகழ்ச்சியைச் சேர்க்கிறார்: கோட்டைகள் எரிந்தபோது சிவபத்தியால் மூன்று அசுரர் பிழைத்தனர், இருவர் கோயில் வாயிற்காவலர் ஆயினர், ஒருவர் இறைவனின் ஆடலுக்கு முழவு முழக்குபவர் ஆனார். மும்மலத்தில் எது பிழைத்தது, எது வாயில் காக்கிறது என்ற கேள்விக்கு உட்பொருள் வாசிப்பிடம் விடை இல்லை. சுந்தரரின் பாட்டோ தஞ்சைச் சுவரோடு ஒத்துப்போகிறது. அழிக்கப்படுவோரும் அன்புக்கு உரியோர் என்னும் உணர்வு இரண்டிலும் இருக்கிறது. அதே பாதையின் சுவரில் சுந்தரரின் வாழ்வே ஒரு பெரும் பகுதியாகத் தீட்டப்பட்டிருக்கிறது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

பெரிய கோயிலில் திரிபுராந்தகர் ஓவியத்தில் மட்டும் இல்லை; விமானத்தின் இரண்டாம் தளத்து மாடங்களில் வில்லேந்திய அதே வடிவம் திரும்பத் திரும்பச் செதுக்கப்பட்டிருக்கிறது. போரில் வென்று பேரரசு கண்ட ஒரு மன்னனின் கோயிலில் இவ்வடிவத்துக்குக் கிடைத்த தனியிடத்தை அவனுடைய வெற்றிகளோடு தொடர்புபடுத்திக் கலை வரலாற்றாளர் பலர் விளக்கியுள்ளனர். இதுவும் ஒருவகைப் பொருள்கோள்தான். ஆனால் இதற்குப் பின்னால் சான்று இருக்கிறது. எத்தனை இடங்களில், எந்தத் தளத்தில், யாருடைய கொடையில், எந்த நூற்றாண்டில் என்று சரிபார்க்க முடிகிறது. சிவனே இராஜராஜன், அசுரரே சேரரும் சிங்களரும் என்று ஒன்றுக்கு ஒன்றாக இணைக்கப் புகுந்தால், அதுவும் பழைய பிழையின் புதிய வடிவமாகிவிடும். மன்னனின் விருப்பத்தைச் சொல்வதோடு நிற்கும்வரை அது ஓவியத்துக்கு நேர்மையாக இருக்கிறது.

தேரைப் பற்றிய வாதமே உட்பொருள் வாசிப்பின் வலுவான வாதம் என்பதால் அதைத் தவிர்க்கலாகாது. புராணமே இந்தத் தேரைப் பூமி என்கிறது. ஞாயிறும் திங்களும் சக்கரங்கள், நான்மறைகள் குதிரைகள், மேரு வில், வாசுகி நாண், திருமால் அம்பு, தீக்கடவுள் அம்பின் நுனி. நூலே குறியீட்டைத் தரும்போது ஓவியத்தைக் குறியீடாகப் படிப்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். தவறு இங்கேதான் தொடங்குகிறது. கதைக்குள் இவை குறியீடுகளாக வரவில்லை, நிகழ்ச்சிகளாக வருகின்றன: தேவர்கள் தம் வலிமையையெல்லாம் ஒருங்குசேர்த்துத் தந்தும் இறைவன் ஒருவனாலேயே வினை முடிந்தது என்பதைக் காட்டவே உலகம் முழுவதும் ஒரு போர்க்கருவியாகத் திரட்டப்படுகிறது. தேவாரம் இன்னும் ஒருபடி மேலே சென்று, அம்பும் வேண்டாமல் சிரிப்பினாலேயே புரங்கள் எரிந்ததாகப் பாடுகிறது. தஞ்சை ஓவியனுக்கு இவையெல்லாம் தெரியாதவை அல்ல. தெரிந்திருந்தும் அவன் ஒரு தேரைத் தேராகவே வரைந்தான், பிரமனைச் சாரதியாக அமர்த்தினான், வில்லைக் கையில் கொடுத்தான். நூல் தந்த பொருத்தங்களில் எதை வரைவது, எதை விடுவது என்ற அவனுடைய தேர்வில்தான் கலை இருக்கிறது. உட்பொருள் வாசிப்போ நூலின் முழுப் பட்டியலையும் மீண்டும் சுவரில் ஏற்றி அந்தத் தேர்வைத் தெரியாமல் செய்துவிடுகிறது.

நிறங்களைப் பற்றிய விளக்கங்களை விரைவாகவே கடக்கலாம். சிவப்பு இராசத குணம், பச்சை அருள், வெள்ளை சத்துவம் என்று தஞ்சை ஓவியங்களுக்கு நிறவிளக்கம் தருவோர் சுவரின் வேதியியலை எண்ணிப் பார்ப்பதில்லை. சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த எஸ். பரமசிவன் 1930-களில் செய்த ஆய்வுகள் இவ்வகை ஓவியங்களின் பூச்சையும் நிறப்பொருள்களையும் விளக்கின: செங்காவி, மஞ்சட்காவி, பச்சை மண், கரி, சுண்ணம் முதலிய சிலவே அடிப்படை. சுண்ணச் சாந்தின்மேல் தீட்டும்போது அதன் காரத்தைத் தாங்கும் நிறப்பொருள்களே நிலைக்கும். பல தாவர நிறங்கள் வெளிறிப்போகும். செங்காவி அந்தச் சுவரில் அவ்வளவு பரவலாக இருப்பதற்கு முதற்காரணம் அது எளிதில் கிடைப்பதும் சுண்ணத்தில் நிலைப்பதும் ஆகும். நிறத்துக்கு மரபுப் பொருள் இருந்ததே இல்லை என்பது இதன் கருத்தன்று. திருமாலின் கருமையும் சிவனின் செம்மையும் இலக்கியத்தில் நிலைபெற்றவை. ஆனால் உட்பொருளை நிறுவுமுன் நிறப்பொருள் சார்ந்த காரணத்தை விலக்கிக் காட்டும் கடமை விளக்குபவருடையது.

தஞ்சைக் கருவறையைச் சுற்றிய பாதையின் இருளும் ஒரு சான்று. புராண ஓவியங்கள் கல்லாத மக்களுக்குத் தத்துவத்தைக் குறியீட்டால் கற்பிக்க வரையப்பட்டவை என்பது இன்னொரு பரவலான கூற்று. கருவறையை ஒட்டிய, வெளிச்சம் எட்டாத, பொதுமக்கள் உலவாத ஒரு சுற்றுப்பாதையில் இவ்வளவு பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டிருப்பது அக்கூற்றோடு பொருந்தவில்லை. அவை முதன்மையாக இறைவனின் இருப்பிடத்தை அவன் புகழால் சூழ்வதற்காக வரையப்பட்டவை என்று கொள்வதே இடத்துக்குப் பொருந்துகிறது. பார்வையாளருக்கு விடுக்கப்பட்ட மறைச்செய்தி என்ற எண்ணத்துக்கு அங்கே பார்வையாளரே போதவில்லை.

பட்டியல்முறை எவ்வளவு தூரம் வழிதவறச் செய்யும் என்பதைத் திருவாரூர் தேவாசிரிய மண்டபத்து விதான ஓவியங்கள் இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையோ 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்த இவற்றில், முசுகுந்தச் சக்கரவர்த்தி இந்திரனிடமிருந்து சிவனின் திருமேனியான தியாகராசரைப் பெற்றுத் திருவாரூருக்குக் கொணர்ந்த கதை வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கிறது. முசுகுந்தனுக்கு உடல் மனித உடல், முகம் குரங்கின் முகம். பட்டியலைக் கையில் வைத்திருப்பவர் உடனே சொல்லிவிடுவார்: குரங்கு என்பது அடங்காத மனம், அரசன் என்பது ஆன்மா, மனத்தை அடக்கினால் இறைவன் கிட்டுவான். கேட்க அழகாக இருக்கும் இந்த விளக்கம் கதையைத் தலைகீழாக்குகிறது. முற்பிறவியில் முசுகுந்தன் ஒரு குரங்கு; வில்வ மரத்தில் அமர்ந்து இரவு முழுவதும் இலைகளைப் பறித்துப் பறித்து, கீழே உமையோடு வீற்றிருந்த சிவன்மேல் போட்டது அது. அறியாமற் செய்ததையும் பூசனையாக ஏற்ற சிவன் அதை மண்ணாளும் மன்னனாகப் பிறக்க அருளினார். பழைய பிறவியும் பெற்ற அருளும் மறந்துவிடக் கூடாது என்பதற்காகக் குரங்கு முகம் மட்டும் மாறாதிருக்க வேண்டும் என்று வேண்டிப் பெற்றவன் முசுகுந்தன். ஆக அந்த முகம் அடக்கப்பட வேண்டிய மனம் ஆகாது. விரும்பி வைத்துக்கொண்ட நன்றி அது. செல்வமும் அதிகாரமும் வந்த பிறகும் தான் எதிலிருந்து வந்தோம் என்பதை எல்லாரும் காணும்படி முகத்திலேயே தாங்கும் ஓர் அரசனை அந்த ஓவியம் காட்டுகிறது. பட்டியல் தரும் பொருளைவிட இது எத்தனையோ ஆழமானது. கதையைத் தள்ளியவருக்கு இது கிடைப்பதில்லை.

ஏழு என்ற எண்ணுக்கும் இதே கதி நேர்கிறது. தியாகராசரைத் தர மனமில்லாத இந்திரன் அதேபோன்ற ஆறு திருமேனிகளைச் செய்வித்து ஏழையும் முன்வைக்க, முசுகுந்தன் உண்மையானதைச் சரியாக அறிந்து எடுத்தான். இறுதியில் ஏழும் அவனுக்கே கிடைத்தன. யோக விளக்கம் தருவோர் இங்கே ஆறு ஆதாரங்களையும் உச்சந்தலையின் ஆயிர இதழ்த் தாமரையையும் காண்பர். ஆனால் அந்த ஏழு திருமேனிகளுக்கும் ஊர் இருக்கிறது, நிலம் இருக்கிறது, திருவிழா இருக்கிறது: திருவாரூர், திருநள்ளாறு, நாகைக்காரோணம், திருக்காறாயில், திருக்கோளிலி, திருவாய்மூர், திருமறைக்காடு. காவிரிக் கடைமடையின் ஏழு கோயில்களை ஒரே மரபில் இணைத்து, அவற்றுள் திருவாரூரைத் தலைமையில் நிறுத்தும் வரலாற்று உரிமைகோரல் அந்த ஏழு உருவங்களில் இருக்கிறது. அதைத் தண்டுவடத்துக்குள் அடக்கிவிட்டால் ஏழு ஊர்களும் காணாமற்போகின்றன.

இந்த விதானத்தில் ஓவியன் தன் கருத்தைத் தெரிவிக்காமல் விடவும் இல்லை. காட்சிகளின் அடியில் தமிழில் விளக்க வரிகள் எழுதப்பட்டுள்ளன. யார், எங்கே, என்ன செய்கிறார் என்று அவை சொல்கின்றன. சிங்காதனம் என்னும் ஓவியன் தன் பெயரையும் அங்கே பொறித்திருக்கிறான். விழா ஊர்வலமும் இசைக்கருவிகளும் வாணவேடிக்கையும் அவன் காலத்துத் திருவாரூரில் கண்டபடியே கதைக்குள் புகுந்திருக்கின்றன. தேவர் உலகத்து நிகழ்ச்சியும் ஊர்த் தெருவின் நிகழ்ச்சியும் ஒரே ஓட்டத்தில் வருகின்றன. மறைபொருள் சொல்ல விரும்பியவன் எழுத்தையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு வரியில்கூட அதைச் சொல்லாமல், இது இன்னார் இது இன்ன இடம் என்று மட்டும் பொறுமையாக எழுதிச் சென்றிருப்பானா? தன் பார்வையாளர் கதையைச் சரியாகப் பின்தொடர வேண்டும் என்பதே அவனுடைய கவலை. அந்தக் கவலையை மதிக்காத விளக்கம் அவனை மதித்ததாகாது.

உண்மையான மறைவு ஒன்றும் அங்கேயே உண்டு என்பது கூடுதலாகக் கவனிக்கத்தக்கது. தியாகராசரின் திருமேனி வழிபாட்டில் ஆடையாலும் மலராலும் மூடப்பட்டு முகம் மட்டுமே தெரியும். தியாகராசர் திருமாலின் மார்பில் இருந்தபோது திருமாலின் மூச்சசைவோடு ஆடிய ஆட்டம் அசபா நடனம், அதாவது ஒலியின்றி மூச்சிலேயே நிகழும் மந்திரத்தின் ஆட்டம், எனப்படுகிறது. இங்கே யோகப் பொருளை மரபே, அந்தக் கோயிலே, அந்தத் திருமேனிக்கே உரியதாகச் சொல்கிறது. ஓவியனும் இறைவனை மூடிய கோலத்திலேயே வரைகிறான். குறியீடு இருக்கும் இடத்தில் அதற்குப் பெயரும் இடமும் வழிபாட்டு வழக்கமும் இருக்கும் என்பதற்கு இதுவே எடுத்துக்காட்டு; இதை ஏற்பவர்தான், குரங்கு முகத்துக்கும் ஏழு திருமேனிகளுக்கும் அப்படிப்பட்ட சான்று எங்கே என்று கேட்கும் உரிமை உடையவர்.

எல்லாப் பொருளுக்கும் மரபில் நிலையான உட்பொருள் உண்டு என்ற கூற்றை மரபு நூல்களே மறுக்கின்றன. திருமாலின் கையில் உள்ள சக்கரம் மனம் என்றும், சங்கு அகங்காரத்தின் ஒரு கூறு என்றும், கதை என்னும் தண்டாயுதம் புத்தி என்றும் விஷ்ணு புராணம் முதற்பகுதியின் 22-ஆம் அத்தியாயத்தில் கூறுகிறது. பாகவத புராணத்தின் பன்னிரண்டாம் கந்தமோ அதே சக்கரத்தை ஒளித் தத்துவம் என்றும், சங்கை நீர்த் தத்துவம் என்றும், தண்டாயுதத்தை உயிர்க்காற்று என்றும் கூறுகிறது. இரண்டும் வைணவத்தின் பெருநூல்கள். இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒவ்வாதவை. அதற்காக எந்த வைணவரும் கலங்கியதில்லை. ஏனெனில் அவை தியானிப்பவருக்கான வழிகள். ஓவியத்தைப் படிப்பதற்கான அகராதிகளாக அவை எழுதப்படவில்லை. ஒரே பொருளுக்கு வெவ்வேறு உட்பொருள் வந்தபோதும் ஓவியனின் சங்கும் சக்கரமும் மாறவில்லை; அவன் கையில் அவை திருமாலை அறிய உதவும் அடையாளங்களாகவே இருந்தன.

நடராசர் வடிவத்திலும் கால வரிசை இதையே சொல்கிறது. உடுக்கை படைப்பு, அமைந்த கை காப்பு, தீ அழிப்பு என்னும் ஐந்தொழில் விளக்கம் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உண்மை விளக்கம் என்னும் நூலில் தெளிவாக வருகிறது. வெண்கல வடிவமோ அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நிறைவடைந்து வழிபாட்டில் இருந்தது. ஆனந்த குமாரசாமி 1918-இல் வெளியான தம் கட்டுரைத் தொகுப்பில் அந்தத் தமிழ்ச் சித்தாந்த விளக்கத்தை உலகறியச் செய்தார், அது பெரும்பணி. ஆனால் அவருக்குப் பின் வந்தோர் அந்த ஒரே விளக்கத்தை எல்லாக் காலத்து எல்லா நடராசர்களின் மூலக் கருத்தாகவும் ஆக்கிவிட்டனர். சித்தாந்த விளக்கம் 13-ஆம் நூற்றாண்டுச் சைவர் அவ்வடிவத்தை எப்படிக் கண்டனர் என்பதற்குச் சிறந்த சான்று. 10-ஆம் நூற்றாண்டுச் சிற்பியின் மனத்துக்கு அது சான்றாகாது.

மறைபொருள் வாசிப்பு தொன்றுதொட்டு வந்தது என்று அதை முன்வைப்போர் கருதுகின்றனர். இன்று பரவியிருக்கும் வடிவில் அதற்கு அண்மைக்கால வேர்களும் உண்டு. ஐடல்பர்க் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பிரீடரிக் குரோய்சர் 1810-க்கும் 1812-க்கும் இடையே வெளியிட்ட பெருநூலில், கீழைநாட்டுக் குருமார் உயர்ந்த மெய்யறிவைக் குறியீடுகளில் மறைத்து வைத்தனர் என்றும், தொன்மக் கதைகள் அந்தக் குறியீடுகளின் பிற்கால விரிவுகளே என்றும் வாதிட்டார். அவர் காலத்திலேயே கிறிஸ்டியன் லோபெக் 1829-இல் வெளியிட்ட நூலில் கிரேக்கச் சான்றுகளை ஒவ்வொன்றாகப் பரிசோதித்து அந்த வாதத்தை உடைத்தார். ஐரோப்பியப் புலமையில் அது பெரிதும் கைவிடப்பட்ட பிறகும், இந்தியாவைப் பற்றிய எழுத்தில் அந்த எண்ணம் வாழ்ந்துகொண்டேயிருந்தது. பல கைகளும் விலங்குத் தலைகளும் கொண்ட தெய்வ உருவங்களைப் பாதிரிமாரும் ஆட்சியாளரும் அருவருப்பென்று எள்ளியபோது, இவை உருவங்கள் அல்ல, உயர்ந்த தத்துவத்தின் குறியீடுகள் என்று விடை சொல்ல வேண்டிய நெருக்கடி இங்கிருந்த கற்றோருக்கு ஏற்பட்டது. அந்த விடையின் பின்னால் இருந்த காயம் உண்மையானது. அந்த விடையைச் சொன்னவர்களைக் குறைகூற இடமில்லை. ஆயினும் அந்த விடை எதிராளியின் அளவுகோலை ஏற்றுக்கொண்டது: கதை நாணத்தக்கது, தத்துவமே காப்பாற்றத்தக்கது என்று அது ஒப்புக்கொண்டது. எள்ளல் ஓய்ந்து நெடுங்காலம் ஆன பின்னும் அந்த நாணத்தைச் சுமப்பதற்குக் காரணம் ஏதும் இல்லை.

ஓர் எதிர்வாதம் இன்னும் எஞ்சுகிறது. ஓவியர்களும் சைவராகவும் வைணவராகவும் வாழ்ந்தவர்கள்; சித்தாந்தக் கருத்துகள் அவர்கள் காதில் விழுந்திருக்கும்; ஆகவே வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும் அவர்கள் மனத்தில் உட்பொருள் இருந்திருக்கலாமே என்பது அது. இருந்திருக்கலாம்தான். ஆனால் மனத்தில் இருந்ததும் சுவரில் வைக்கப்பட்டதும் ஒன்றல்ல. தஞ்சைச் சுவரில் மணப்பந்தலுக்குள் புகுந்து சுந்தரர்முன் அடிமை ஓலையை நீட்டும் முதியவரை எடுத்துக்கொள்ளலாம். ஓலையை வினைக்கணக்கு என்றும், திருமணத்தை உலகப்பற்று என்றும் விளக்க யாராலும் முடியும்; அவ்விளக்கம் எந்த ஓவியன் வரைந்த எந்த ஓலைக்கும் பொருந்தும் என்பதே அதன் குறை. பாட்டன் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஓர் ஆவணம் ஓர் இளைஞனின் திருமண நாளில் அவையின்முன் வைக்கப்படுவதும், சுற்றியிருப்போர் திகைப்பதும், சேக்கிழாருக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே இக்கதை இவ்வளவு விரிவாகக் காட்சிப்பட்டிருப்பதும் அந்தச் சுவருக்கே உரியவை. எல்லா ஓவியத்துக்கும் ஒத்துவரும் விளக்கம் எந்த ஓவியத்தையும் விளக்குவதில்லை.

இந்தப் பிழையின் விலை ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. ஓவியத்தின் பொருள் அதன் பின்னால் உள்ள மாறாத தத்துவத்தில் இருக்கிறது என்றால், பழைய கோடும் பழைய நிறமும் அழிந்தாலும் இழப்பில்லை. அதே தத்துவத்தைப் புதிய எனாமல் வண்ணத்தில் புதிதாக வரைந்துகொள்ளலாம். குடமுழுக்குப் பணிகளின் பெயரில் சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டபோதும் பழைய ஓவியங்கள் மேல் புதியவை தீட்டப்பட்டபோதும் எழுந்த எதிர்ப்பு மிகக் குறைவாக இருந்ததற்கு இந்த எண்ணமும் ஒரு காரணம். திருவாரூர் விதானத்தின் கரியும் அழுக்கும் அண்மைக் காலத்தில் முறையாக அகற்றப்பட்டு, விளக்க வரிகள் படிக்கப்பட்டு, காட்சிகள் ஒளிப்படங்களாகப் பதிவாகி 2011-இல் நூலாக வெளிவந்தன. கதையின் ஒவ்வொரு காட்சியும் பொருட்படுத்தத்தக்கது என்று நம்பியவர்களாலேயே அந்தப் பணி முடிந்தது. பல ஊர்களில் விதானங்கள் இன்னும் புகையேறிக் கிடக்கின்றன. அவற்றில் எந்தக் கதை, எந்தத் தலபுராணத்தின்படி, எந்தத் தருணத்தில் நிறுத்தி, யாரை யாருக்கு எதிரே வைத்து வரையப்பட்டிருக்கிறது என்று முதலில் எழுதிக்கொள்ளப்பட வேண்டும். விளக்க வரிகள் உதிர்வதற்குமுன் படியெடுக்கப்பட வேண்டும். உட்பொருள் சொல்ல விரும்புவோருக்கும் அதற்குப் பிறகுதான் வேலை தொடங்குகிறது.